ஒரே மாதிரி எழுதினால்தான் கூட்ட முடியும்: பயாப்சி ரிப்போர்ட்டும் நம் பேரேடும்



வேங்கிக்காலில் நடந்த கூட்டமைப்புக் கூட்டம் அன்று முடியும் நேரம். குழுக்களின் நோட்டுகளைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சகோதரி மட்டும் உட்கார்ந்தே இருந்தார். கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் இட்லிக் கடை போடுகிறவர். மஞ்சப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழியும் நிலையில் இருந்தது.

"மேடம், இதுல இன்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. மார்புல கட்டின்னு ஆப்ரேஷன் பண்ணாங்க. இப்ப வேற ஆஸ்பத்திரிக்குப் போனா, இந்தக் காயிதம் பத்தாதுன்றாங்க" என்றார்.

நாங்கள் வாங்கிப் பார்த்தோம். மொத்தம் நான்கே வரி. கட்டி புற்றுநோய்க் கட்டிதான் என்று இருந்தது. அக்குள் நெறியிலும் பரவியிருக்கிறது என்று இருந்தது. கட்டி எத்தனை சென்டிமீட்டர்? எத்தனை நெறியைப் பார்த்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது? ஹார்மோன் பரிசோதனை செய்தார்களா இல்லையா? எதுவும் இல்லை.

இரண்டாவது மருத்துவர் கேட்டதும் இவற்றைத்தான். பதில் தெரியாமல் என்ன மாத்திரை கொடுப்பது என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. முதல் இடத்தில் வைத்திருந்த சதைத் துண்டை வாங்கி வரச் சொன்னார். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அந்தச் சகோதரி மூன்று முறை அலைந்தார். ஏறக்குறைய இரண்டு மாதம் போய்விட்டது. கடைசியில் துண்டு கிடைத்தது, பரிசோதனையும் நடந்தது. இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். கடையும் போடுகிறார்.

"என் பேரு வேணாம். ஆனா மத்த பொம்பளைங்களுக்கு உதவும்னா எழுதுங்க" என்று சொன்னார். அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

பயாப்சி ரிப்போர்ட் என்பது என்ன?

உடம்பில் கட்டியோ புண்ணோ இருந்தால், அதிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பதுதான் பயாப்சி. "சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறது" என்று நாம் சொல்வோம். ஆபரேஷன் செய்து கட்டி முழுவதையும் எடுத்தாலும் அதையும் இப்படி அனுப்புவார்கள்.

எடுத்த துண்டு கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் போடுவார்கள். பிறகு அதை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக்குவார்கள். இதற்குத்தான் மெழுகுக் கட்டி அல்லது 'பிளாக்' என்று பெயர். அந்தக் கட்டியை, தலைமுடியை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றுவார்கள். நோய்க்குறியியல் மருத்துவர், அதாவது பேத்தாலஜிஸ்ட், அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதுவதுதான் ரிப்போர்ட். இந்த மருத்துவரை நாம் நேரில் பார்ப்பதே இல்லை. ஆனால் நம் சிகிச்சை முழுவதும் அவர் எழுதும் காகிதத்தை வைத்துத்தான் நடக்கிறது.

நம் நோட்டுப் புத்தகம் சொல்லும் பாடம்

குழு ஆரம்பித்த புதிதில் நாம் எப்படிக் கணக்கு எழுதினோம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு குழுவில், "இன்று சில பேர் சந்தா கட்டினார்கள், ஒருவருக்குக் கடன் கொடுத்தோம்" என்று தீர்மான நோட்டில் எழுதியிருந்தார்கள். பொய் இல்லை, உண்மைதான். ஆனால் எத்தனை பேர், எவ்வளவு ரூபாய், என்ன வட்டி, எத்தனை தவணை என்று தெரியாது. அந்தக் குழுவுக்கு வேண்டுமானால் மனசில் நிற்கும். ஆண்டுக் கடைசியில் கூட்டமைப்பு எல்லாக் குழுக்களின் கணக்கையும் கூட்ட உட்கார்ந்தால், அந்த நோட்டு உதவாது. தணிக்கையிலும் நிற்காது. வங்கியிலும் நம்ப மாட்டார்கள்.

அதனால்தான் பேரேட்டில் கட்டம் போட்டோம். தேதி ஒரு கட்டம், உறுப்பினர் பெயர் ஒரு கட்டம், சேமிப்பு ஒன்று, கடன் ஒன்று, வட்டி ஒன்று. எல்லாக் குழுவுக்கும் ஒரே கட்டம். அதன் பிறகுதான் எந்த ஊரில் கடன் நிலுவை அதிகம், ஏன் அதிகம் என்று நம்மால் சொல்ல முடிந்தது.

பயாப்சி ரிப்போர்ட்டும் இதே மாதிரிதான். ஒரு மருத்துவர் கதை போல ஒரு பத்தி எழுதலாம். அல்லது, "கட்டியின் அளவு, வகை, தரம், ஓரம், நெறி" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வைத்து, ஒன்று விடாமல் நிரப்பலாம். இரண்டாவது முறையைக் கட்டமைக்கப்பட்ட ரிப்போர்ட் என்று சொல்கிறார்கள். கட்டம் காலியாக இருந்தால் எழுதுகிறவருக்கே உறுத்தும், "இதைப் பார்க்கவில்லையே" என்று ஞாபகம் வரும். படிக்கிற மருத்துவருக்கும் தேட வேண்டியதில்லை. எந்தெந்தப் புற்றுநோய்க்கு எந்தெந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்று உலக அளவில் நோய்க்குறியியல் மருத்துவர்கள் கூடிப் பேசிப் பட்டியல்கள் வெளியிட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் பல பெரிய மருத்துவமனைகள் இந்த முறையில்தான் எழுதுகின்றன.

கட்டங்களில் என்ன இருக்க வேண்டும்?

மார்புப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். முக்கியமான கட்டங்கள் இவை:

1. எந்த உறுப்பு, எந்தப் பக்கம். வலது மார்பா, இடது மார்பா என்று தெளிவாக இருக்க வேண்டும்.

2. கட்டியின் அளவு. 'பெரிய கட்டி' என்று இருந்தால் போதாது. சென்டிமீட்டரில் அல்லது மில்லிமீட்டரில் இருக்க வேண்டும்.

3. வகை. எந்தவிதமான செல்லிலிருந்து புற்று வந்திருக்கிறது என்பது.

4. தரம், அதாவது கிரேடு. செல்கள் இயல்பான உருவத்திலிருந்து எவ்வளவு மாறிவிட்டன என்பதை 1, 2, 3 என்று சொல்வார்கள். இதையும் 'ஸ்டேஜ்' என்பதையும் நாம் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. கிரேடு 3 என்று பார்த்துவிட்டு, "மூணாவது ஸ்டேஜ், முடிஞ்சுபோச்சு" என்று அழுத குடும்பத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

5. ஓரம். கத்தரிக்காயில் சொத்தை இருந்தால், சொத்தையைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல பாகத்தையும் சேர்த்துத்தானே நறுக்கி எறிகிறோம்? அப்படி வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் புற்று இல்லை என்றால் நல்லது. ஓரம் வரை இருந்தால், உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்று பொருள்.

6. நெறி. அக்குளிலிருந்து எத்தனை நெறி எடுத்துப் பார்த்தார்கள், அதில் எத்தனையில் நோய் இருந்தது. '15-ல் 2' என்பது மாதிரி இரண்டு எண்ணும் வேண்டும்.

7. ஹார்மோன், ஹெர்-2 பரிசோதனைகள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று. ஈ.ஆர். இருக்கிறது என்று வந்தால் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை பலன் தரும். பொதுவாக 5 ஆண்டுகளாவது சாப்பிட வேண்டியிருக்கும். ஹெர்-2 இருந்தால் அதற்குத் தனி ஊசி மருந்து இருக்கிறது. இட்லிக் கடைச் சகோதரியின் ரிப்போர்ட்டில் காணாமல் போனது இந்தக் கட்டம்தான்.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி மூலம் சின்னத் துண்டு மட்டும் எடுத்த பயாப்சியில் ஓரமும், எத்தனை நெறி என்பதும் இருக்காது. அவை ஆபரேஷனுக்குப் பிறகுதான் தெரியும். அதனால் காலியாக இருக்கிறதே என்று உடனே யார் மேலும் கோபப்பட வேண்டாம். மருத்துவரைக் கேளுங்கள்.

கர்ப்பப்பை வாய் பயாப்சி என்றால், அது புற்றுநோயா அல்லது புற்றுக்கு முந்தைய மாற்றமா என்பதுதான் முதல் கேள்வி. முந்தைய மாற்றம் என்றால் சின்ன சிகிச்சையிலேயே சரியாகிவிடும். பயந்துபோய் காகிதத்தைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வருவதுதான் ஆபத்து.

ஒருவர் ரிப்போர்ட், எல்லாருக்கும் பாடம்

இதுவரை சொன்னது நம் ஒருவர் சிகிச்சைக்கு. ஆனால் கதை இதோடு முடியவில்லை.

சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியெடுத்து 1954-ல் ஆரம்பித்த மருத்துவமனை அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சென்னைக்கான பதிவேடு அங்கேதான் அமைந்தது. 2012-லிருந்து தமிழக அரசோடு சேர்ந்து மாநிலம் முழுவதற்குமான பதிவேடாக அது விரிந்தது. நம் திருவண்ணாமலை மாவட்டமும் அதில் அடக்கம்.

பதிவேடு என்றால் என்ன? ஒரு பகுதியில் யார் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வகைப் புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்று ஒன்று விடாமல் எழுதி வைப்பது. நம் நாட்டில் பெரும்பாலும் பதிவேட்டுப் பணியாளர்களே மருத்துவமனைகளுக்கும் லேப்களுக்கும் நேரில் போய், நோயாளிகளின் கோப்புகளையும் பயாப்சி ரிப்போர்ட்டுகளையும் பார்த்து விவரம் எடுக்கிறார்கள். இறப்புப் பதிவுகளோடும் ஒப்பிடுகிறார்கள்.

எடுத்த விவரத்தை உலகம் முழுவதும் ஒரே எண்ணால் குறிக்கிறார்கள். மார்பு என்றால் சி50. கர்ப்பப்பை வாய் என்றால் சி53. வேங்கிக்காலில் இருக்கும் பெண்ணுக்கும் பிரான்சில் இருக்கும் பெண்ணுக்கும் ஒரே எண். கிரேடுக்கும் எண் உண்டு. ரிப்போர்ட்டில் கிரேடு எழுதவில்லை என்றால் அதற்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அது 9. 'தெரியவில்லை' என்று அர்த்தம்.

இந்த 9 தான் நாம் யோசிக்க வேண்டிய எண். ஒரு சகோதரி சதையை வெட்டக் கொடுத்தார், வலியைப் பட்டார், பணம் செலவழித்தார். ஆனால் ரிப்போர்ட்டில் விவரம் இல்லாததால் பதிவேட்டில் 9 என்று விழுகிறது. அப்படி நூறு பேர், ஆயிரம் பேர் விவரம் 9 ஆகிவிட்டால், "நம் பக்கத்துப் பெண்களுக்கு நோய் முற்றிய பிறகுதான் தெரியவருகிறதா? எந்த மருந்து யாருக்குப் பலன் கொடுக்கிறது?" என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்களால் பதில் சொல்ல முடியாது. கட்டம் நிரம்பியிருந்தால் கம்ப்யூட்டரில் கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். பத்தி பத்தியாக இருந்தால் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துத்தான் எடுக்க வேண்டும்.

சென்னையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்து வருகிறது, மார்புப் புற்றுநோய் கூடி முதலிடத்துக்கு வந்துவிட்டது என்று இன்று உறுதியாகச் சொல்கிறார்கள் அல்லவா? வருடக்கணக்காக எழுதி வைத்த பதிவேட்டைக் கூட்டிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

திண்டுக்கல் பெண்கள் கற்றுக்கொடுத்தது

எழுதி வைத்த கணக்கு உயிரைக் காப்பாற்றுமா? காப்பாற்றும். உதாரணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையம் ஆகியவை சேர்ந்து செய்தன. டாக்டர் சங்கரநாராயணன் தலைமை தாங்கினார். 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்கள். ஒரு பகுதிக் கிராமங்களில் இருந்த சுமார் 49,000 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். இன்னொரு பகுதியில் சுமார் 31,000 பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதி மட்டும்.

பரிசோதனை ரொம்ப எளிமை. பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். வினிகரில் இருக்கிறதே, அதே அமிலம்தான். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு பரிசோதனையும், பயாப்சியும், தேவைப்பட்டால் சிகிச்சையும் கொடுத்தார்கள்.

பிறகு என்ன ஆனது என்று எப்படித் தெரியும்? அந்த மாவட்டத்தில் ஒரு புற்றுநோய்ப் பதிவேடு இருந்தது. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்பதை 2006 வரை அதில் பார்த்துக் கணக்கிட்டார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு. இறப்பு 35 சதவீதம் குறைவு.

பதிவேடு இல்லாமல் இருந்திருந்தால், "நல்லதுதான் நடந்திருக்கும்" என்று வாயால் சொல்லியிருக்கலாம், நிரூபித்திருக்க முடியாது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது கடந்த பெண்களை இதே மாதிரிப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருபவர்களில் பலர் நம் குழுக்களைச் சேர்ந்த பெண்கள்தான். இப்படிப்பட்ட திட்டங்களை நம்பிக்கையோடு நடத்துவதற்குத் திண்டுக்கல் கிராமத்துப் பெண்களின் கணக்கு ஒரு முக்கியமான சான்றாக நிற்கிறது. அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் கொடுத்த விவரத்தால் நமக்கு நன்மை.

"எம் பேரு வெளிய போயிடுமா?"

இந்தப் பாடத்தைக் குழுக்களில் பேசியபோது முதலில் வந்த கேள்வி இதுதான். ஒரு சகோதரி சொன்னார்: "பொண்ணுக்கு வரன் பாக்கறோம். அம்மாவுக்குப் புத்துநோய்னு தெரிஞ்சா யார் வருவாங்க?" இந்தப் பயம் நியாயமானது. தட்டிக் கழிக்கக் கூடாது.

பதிவேட்டில் பெயரும் முகவரியும் வாங்குவது ஒரே ஆளை இரண்டு முறை எண்ணாமல் இருப்பதற்காக. ஒருவரே இங்கே பயாப்சி, வேலூரில் ஆபரேஷன், காஞ்சிபுரத்தில் கரண்ட் வைத்தியம் என்று மூன்று இடத்துக்குப் போயிருப்பார். பெயர் தெரியாவிட்டால் மூன்று நோயாளியாகிவிடும். அந்தப் பெயர்கள் ரகசியமாக வைக்கப்பட வேண்டியவை. வெளியிடும் அறிக்கையில் மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வரும். ஆராய்ச்சிக்கு விவரம் கொடுக்கும்போது பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுக் கொடுப்பது முறை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். நம்மை நேரடியாக ஓர் ஆய்வில் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் விளக்கிச் சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'வேண்டாம்' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. சொன்னால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

உண்மையைச் சொன்னால், ரகசியம் பெரும்பாலும் வெளியே போவது நம்மிடமிருந்துதான். ஒருவர் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து, "யாராவது டாக்டர் தெரிஞ்சா சொல்லுங்க" என்று குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். நல்லெண்ணம்தான். ஆனால் அரை மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இனிமேல் இதைச் செய்ய வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

* திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்களைப் பாருங்கள். பட்டாவையும் ரசீதையும் எவ்வளவு பத்திரமாகக் கவரில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்! பயாப்சி ரிப்போர்ட்டும் அப்படிப்பட்ட பத்திரம்தான். ஒரு பைலில் தேதி வரிசையாக வையுங்கள். மடிக்காதீர்கள். இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

* எல்லா மருத்துவமனையிலும் ஒரே பெயர், ஒரே வயது, ஒரே முகவரி சொல்லுங்கள். இங்கே 'லட்சுமி', அங்கே 'லட்சுமியம்மாள்', இங்கே 45, அங்கே 52 என்று சொன்னால் ரிப்போர்ட் மாறிப்போகவும் வாய்ப்பு உண்டு.

* சதை எடுத்த அன்றே கேளுங்கள்: "ரிப்போர்ட் எப்போ வரும்? யார்கிட்ட வாங்கணும்?" வாங்காமல் விடாதீர்கள்.

* ரிப்போர்ட் வந்ததும் மருத்துவரிடம் கேளுங்கள்: "அளவு, கிரேடு, ஓரம், நெறி, ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் இதுல இருக்குங்களா?" கேட்பதில் தப்பில்லை. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விளக்குவார்கள்.

* வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகட்டையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் விடுபட்டதை அந்தக் கட்டியிலிருந்து மறுபடியும் பரிசோதிக்க முடியும்.

* படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு, அவர் விரும்பினால் மட்டும், ஊக்குநரோ பிரதிநிதியோ துணைக்குப் போகலாம். காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் வீட்டில் மருத்துவக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன? இப்போதே கேட்டால் எடுத்துக் கொடுக்க முடியுமா?

2. கிரேடு, ஸ்டேஜ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவர் எழுந்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

3. நம் குழுவில் 30 வயது கடந்தவர்களில் எத்தனை பேர் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போயிருக்கிறோம்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும்.

4. ஓர் உறுப்பினருக்கு நோய் என்று தெரிந்தால், அவர் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே உதவி செய்வது எப்படி? பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

இட்லிக் கடைச் சகோதரி போன வாரம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் மஞ்சப்பை இல்லை, நீலக் கலரில் ஒரு பைல். புது ரிப்போர்ட்டைக் காட்டினார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. "இது எனக்கு மட்டுமில்ல மேடம், எம் பொண்ணு வயசுப் புள்ளைங்களுக்கும் ஒருநாள் உதவும், இல்ல?" என்று கேட்டார். உதவும் என்று சொல்லி அனுப்பினோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் இருக்கும் மருத்துவக் காகிதங்களை ஒரு பைலில் அடுக்கிவிட்டு வாருங்கள்.